மயில் வாகனமும் நாலு உரலும்

தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் என்னைப் பார்த்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "மாஸ்டர், வெயிட் தூக்கறது ஒசத்தியா, தண்டால் பஸ்கி ஒசத்தியா?" போன வாரம் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். ஒரு தம்பி பைக்கை நிறுத்தி, என்ஜினைக்கூட அணைக்காமல் இதையே கேட்டார். சாமி பேரைச் சொல்லிக்கொண்டு போகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? அடுத்த நூறு அடி தூரம் நமசிவாய என்று சொல்ல வேண்டிய வாய் பஸ்கி, பஸ்கி என்றே சொல்லிக்கொண்டு வந்தது. அண்ணாமலையார் மன்னிக்க வேண்டும்.

அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன முருகன் கோயில் இருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் பழைய நெல் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. தர்மகர்த்தாவைக் கேட்டு அதில்தான் நான் தேகப்பயிற்சிக் கூடம் நடத்திவந்தேன். மாட்டுவண்டி அச்சுதான் நாங்கள் தூக்குகிற பார் கம்பி. அதில் மாட்டுகிற இரும்புத் தட்டுகளை லேத்துப் பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கியிருந்தேன். கூடத்தில் ஒரு பாதி இரும்புக்கு. மறு பாதியில் செம்மண் கொட்டி, தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்குவது எல்லாம்.

இடம் பிரிந்ததும் ஆட்களும் பிரிந்துவிட்டார்கள். இரும்புக் கோஷ்டிக்குத் தலைவன் ஏழுமலை. மரம் விற்கிற மரவாடியில் வேலை. ஆறடிக்கு மேல் உயரம், கதவில் குனிந்துதான் நுழைவான். தண்டால் கோஷ்டிக்கு முனுசாமி. தையற்காரன். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டால் அதுவே அவனுக்குப் பாரம் என்று தோன்றும். ஆனால் இருநூறு தண்டால் எடுத்துவிட்டு மூச்சு வாங்காமல் பேசுவான். பேச்சுதான் அவனுக்கு முக்கியம்.

"இன்னா ஏழுமலை, பௌர்ணமிக்கு கிரிவலம் போனியாமே? நடந்து போனியா, ரிக்‌ஷால போனியா?"

"ஒனக்கின்னா நைனா, நடக்கவே வேணாம். காத்தே தள்ளிக்கினு போயிடும்."

"காத்து தள்ளனா நான் போயிடுவேன். ஒன்ன தள்ள லாரி வரணும்."

தினமும் இந்தக் கச்சேரி உண்டு. மாஸ்டர் என்றால் நடுவில் நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. எனக்கு இரும்புதான் உசிர். தண்டால் எடுப்பவர்களைத் தட்டிக்கொடுப்பேன், அவ்வளவுதான். ஏழுமலை தூக்கும்போது மட்டும் என் கண் விரியும். பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் இருக்கும்போது தர்மகர்த்தா கூடத்துக்கு வந்தார். வேர்வை வாடை அவருக்கு ஆகாது. வாசலிலேயே நின்று பேசினார்.

"மாஸ்டர், சாமியோட மயில் வாகனம் மழையில நனையுது. பெயின்டெல்லாம் உரியுது. கிடங்க கோயிலுக்கே திருப்பிக் கேக்கறாங்க கமிட்டியில. இவங்களால கோயிலுக்கு இன்னா பிரயோஜனம்னு ஒருத்தர் கேட்டுட்டாரு."

வீட்டில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. ஊரில் வேறு கூரையும் எனக்குக் கிடைக்காது.

"அதுக்கு நடுவுல இன்னொரு கஷ்டம்," என்றார். "வருஷா வருஷம் சாமி தூக்கற எட்டு பேருக்கும் மெட்ராஸ் ஐ. எட்டு பேருக்கும்! கண்ணு கோவைப்பழம் மாதிரி கீது. ஒங்க பசங்க தூக்குவாங்களா?"

"எட்டு பேர் எதுக்குங்க? நாலு பேரே போதும்," என்றேன்.

"எட்டு பேரே வரட்டும். சாமி நல்லபடியா போய் நல்லபடியா திரும்பிட்டாருனா, நான் கமிட்டியில தைரியமா பேசுவேன். எசகுபிசகா ஆச்சுனா என் வாயும் அடைஞ்சிடும். பாத்துக்கோங்க."

அன்று ராத்திரி முருகன் படத்துக்கு முன்னால் நின்று, கூடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால் முடி காணிக்கை தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் சரி. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம்தான் தப்பு. அந்தத் தப்புகளுக்காகத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதல் தப்பு ஆள் பிடித்தது. யார் அதிகம் தூக்குகிறானோ அவனிலிருந்து வரிசையாக எட்டு பேரை எடுத்தேன். எட்டும் இரும்புக் கோஷ்டி. முனுசாமி வந்து நின்றான்.

"எங்கள்ல ரெண்டு பேரையாவது சேத்துக்கோங்க மாஸ்டர்."

"நீங்க பின்னால அரோகரா போட்டுக்கினு வாங்க. அதுக்கும் தொண்டை வேணுமில்ல?"

இரண்டாவது தப்பு பெரிது. வாகனத்தின் அடியில் இரண்டு நீள மரங்கள் ஓடும். வாரை என்பார்கள். அதைத்தான் தோளில் வைப்பது. வழியில் நிறுத்தும்போது வாரைக்கு முட்டுக் கொடுக்க நாலு கவைக்கட்டைகள் உண்டு. சாமியைத் தரையில் வைக்கக் கூடாது அல்லவா? புறப்படும்போது குருக்கள் அந்தக் கட்டைகளைக் காட்டினார். "மாஸ்டர், இதை எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ."

"எங்க பசங்களுக்குக் கட்டை தேவைப்படாதுங்க," என்றேன்.

மயில் மேல் உட்கார்ந்திருந்த முருகனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணி. மேளம் தொடங்கியது. எட்டு பேரும் பனியன் தெறிக்க வந்து வாரைக்குக் கீழே தோளைக் கொடுத்தார்கள். "மூச்ச புடி! தூக்கு!" என்றேன். ஒரே எம்பு. சாமி, மயில், குடை, கற்பூரத்தட்டு, மேலே உட்கார்ந்திருந்த குருக்கள், எல்லாம் பூ மாதிரி மேலே போயிற்று. ஜனம் கை தட்டியது. தர்மகர்த்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

முதல் தெரு தாண்டும்வரை ராஜ நடை. இரண்டாவது தெருவில் திரும்பியதும் ஆடிக் காற்று எதிரில் அடித்தது. குடை ஒரு பக்கம் இழுக்க, வாகனம் லேசாகச் சாய்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கூடத்தில் ஒருவன் பாரைத் தூக்கினால் மூன்று எண்ணுவதற்குள் தொப்பென்று கீழே போட்டுவிடுவான். தூக்குவதற்குத்தான் பேர். போடுவதை யார் பார்த்தார்கள்? இங்கே போட முடியாது. ஒரு மணி நேரம் தோளிலேயே இருக்க வேண்டும், அதோடு நடக்கவும் வேண்டும்.

அதைவிட மோசம் உயரம். ஏழுமலை முன்னால் வலது பக்கம். அதே வாரையில் அவனுக்கு அடுத்து நின்ற குள்ளப் பையன் தோளுக்கும் வாரைக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி. அவன் பாவம், வெட்கப்பட்டுக்கொண்டு கையால் வாரையைத் தொட்டபடி நடந்தான். அவன் பங்குப் பாரமும் ஏழுமலை தோளில்.

ஏழுமலை முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி நிற்கிறது. புறப்படும்போது நான் பிடிக்கச் சொன்ன மூச்சை விடாமல் பிடித்தபடியே வந்திருக்கிறான்! நடுவில் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருப்பான் போல.

"ஏழுமலை, எப்படிடா கீது?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

ஒண்ணுமில்ல என்றபோது அவன் முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது.

அந்த நேரம் எதிர்ப்பக்கம் லாட்ஜ் மாடியிலிருந்து ஒரு குரல். "மாஸ்டர்! எறக்குங்க! முன்னால வலப்பக்க ஆளு மடங்கப் போறான்!"

நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். வருஷா வருஷம் சாமி தூக்குகிற எட்டு பேருக்கும் தலைவர் அவர். என்னைவிட வயதில் சின்னவர். கண்வலியோடு கூட்டத்துக்குள் வரக் கூடாது, சாமியைப் பார்க்காமல் இருக்கவும் மனசில்லை, அதனால் லாட்ஜ் மாடியில் ஏறி நின்றிருக்கிறார்.

"கவைக்கட்டை எங்க மாஸ்டர்?"

"கோயில்ல!"

"கோயில்லயா?" என்று அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்த வேகத்தில் கறுப்புக் கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. அவ்வளவுதான். அரோகரா போட்டுக்கொண்டிருந்த மொத்தக் கூட்டமும் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஒரே நேரத்தில் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. மேளக்காரர்கூடத் திரும்பிக்கொண்டுதான் அடித்தார்.

சிரிப்பு இப்போது வருகிறது. அப்போது வரவில்லை. தம்பிகளா, இந்த இடத்தில் என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். சாமி நின்று பூஜை வாங்குகிற மண்டகப்படி இல்லாத இடத்தில் சாமியை இறக்கினால் அது குறை. ஊர் பேசும், கமிட்டி பேசும், கூடம் போகும். இன்னும் நூறு அடி போனால் முறையான மண்டகப்படி மேடை வந்துவிடும். நூறு அடிதானே, தாங்கிவிடுவான் என்று ஒரு மனசு சொல்கிறது. இன்னொரு மனசு அவன் முழங்காலையே பார்க்கிறது. அவன் மடங்கினால் அவனோடு இன்னும் ஏழு பேர், மேலே குருக்கள், அதற்கும் மேலே சாமி.

கூடம் போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். "நில்லுங்கடா! எறக்கப் போறோம்!" என்று கத்தினேன்.

கத்திவிட்டேன். எதன் மேல் இறக்குவது?

நாங்கள் நின்றது குப்பம்மா வீட்டு வாசல். மஞ்சளும் சீயக்காயும் கூலிக்கு இடித்துக் கொடுக்கிற அம்மா. வாசலில் நாலு கல் உரல் வரிசையாக இருக்கும். சாமி பார்க்க நின்றிருந்த அந்த அம்மாதான் முதலில் கூவினார்.

"சாமி, ஒரல் கீது! மஞ்ச இடிக்கிற ஒரலு! ஒரு தீட்டும் கெடையாது, காலையிலதான் கழுவனேன்!"

"முனுசாமி! ஓடு!" என்றேன்.

தண்டால் கோஷ்டி அஞ்சு பேரும் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு உரலைக் கட்டிப்பிடித்து இழுத்தார்கள். உரல் அசைந்தால்தானே? ஒருவன் உரலைச் சுற்றிச் சுற்றி வந்தான், கைப்பிடி எங்கே என்று தேடுகிறவன் மாதிரி.

"மாஸ்டர், இத எப்படித் தூக்கறது?" என்று முனுசாமி கத்தினான். நாலு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம்.

"ரெண்டு பேரா புடிங்க! கால அகட்டு! குந்து! முதுக வளைக்காத! இடுப்பால எழுந்திரு!"

எழுந்தார்கள். அவர்கள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் உரல் நடுத்தெருவுக்கு வந்து, வாரை உட்காரத் தோதாகக் குழி கீழே பார்க்கக் கவிழ்ந்தது. என் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி.

"முனுசாமி, நீ உடு. ஏழுமலைகிட்ட போ. அவன் மூச்ச உட மாட்டேங்கறான். தண்டால் எண்ணுவியே, அதே மாதிரி அவன் காதுல எண்ணு."

முனுசாமி போய் அவன் தோளுக்குக் கீழே நின்றுகொண்டு எண்ணினான். "ஏழுமல, நான் எண்ணறேன், நீ உடு. ஒண்ணு... உடு. ரெண்டு... உடு. மூஞ்சியப் பாரு, பலூனு மாதிரி! மூணு... உடுடா!"

ஏழுமலை விட்டான். அந்தப் பெருமூச்சில் முனுசாமியின் தலைமயிர் பறந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் முழங்கால் நடுக்கம் நின்றது. இருபத்தாறு எண்ணுவதற்குள் நாலு உரலும் கவிழ்ந்து உட்கார்ந்தன.

அடுத்தது இறக்குவது. மாடியிலிருந்து தலைவர், ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "அவசரப்படாத! பின்னால மொதல்ல! இப்ப முன்னால! மெதுவா, கொழந்தைய தொட்டில்ல போடற மாதிரி!" கை விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார் என்பது பிறகு தெரிந்தது.

வாரை உரல் மேல் உட்கார்ந்தது. ஒரு பூகூட உதிரவில்லை.

ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "சாமிய கீழ போட்டுடுவேனோனு பயந்துட்டேன் மாஸ்டர்," என்றான். நான் அவன் தலையில் கையை வைத்தேன். அவனுக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். "முடியல மாஸ்டர்" என்று சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை.

குப்பம்மா உள்ளே ஓடி ஒரு தட்டில் கற்பூரமும் ஒரு குத்து மஞ்சள் தூளும் கொண்டுவந்தார்.

"தேங்கா இல்லியே சாமி. சொல்லாம கொள்ளாம வந்துட்டாரே."

குருக்கள் இறங்காமலே குனிந்து தட்டை வாங்கினார். "இது போதும்மா. மஞ்சளைவிட ஒசத்தி என்ன இருக்கு?" என்று தீபம் காட்டினார்.

"இருவத்தஞ்சு வருஷமா இந்த வூட்ல கீறேன். ஒவ்வொரு வருஷமும் தாண்டித்தான் போவாரு. இன்னிக்கு என் ஒரலு மேல ஒக்காந்துட்டாரே!" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மெட்ராஸ் ஐயாக இருக்குமோ என்று பக்கத்தில் இருந்தவர் இரண்டடி தள்ளி நின்றார்.

மறுபடி தூக்கும்போது ஆட்களைத் தலைவர்தான் மாடியிலிருந்து நிறுத்தினார். "பலம் பாக்காதீங்க மாஸ்டர், ஒயரம் பாருங்க! ஜோடி ஜோடியா!" ஏழுமலைக்கு ஜோடி கிடைக்கவில்லை. அவனை வெளியே எடுத்தோம். தண்டால் கோஷ்டியில் நாலு பேர் உள்ளே வந்தார்கள், குள்ளப் பையனோடு இன்னும் இரண்டு இரும்பு ஆட்கள் வெளியே வந்தார்கள். முனுசாமி தன் கடையிலிருந்து வெட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து, அரை அங்குலம் குறைந்தவர்கள் தோளில் அளவு பார்த்து வைத்தான். தையற்காரன் வைத்தால் தப்புமா?

கிளம்பினோம். இப்போது வேறு தொல்லை. தண்டால் பிள்ளைகள் உடம்பு ஸ்பிரிங். துள்ளித் துள்ளி நடந்தார்கள். குருக்கள் குடைக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "டேய், மெள்ளடா! இது ஆடற மயில், ஓடற மயில் இல்லேடா!" என்று கூவினார். இரும்புக்காரர்கள் கனமாகக் காலை வைக்க, இவர்கள் துள்ள, நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டும் கலந்து ஒரு நடை வந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாமி கோயிலுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். கிடங்கைக் கேட்டவர் எழுந்தார்.

"நடுத்தெருவுல, மண்டகப்படி இல்லாத எடத்துல, சாமிய ஒரல் மேல வெச்சீங்களாமே?"

"வெச்சோம்ங்க," என்றேன். ஏழுமலை மேல் பழி வரக் கூடாது என்று தோன்றியது. "பசங்க மேல தப்பில்ல. கட்டைய வேணாம்னவன் நான். ஆள தப்பா நிறுத்தனவனும் நான். எறக்கச் சொன்னவனும் நான்தான். இன்னொரு வாட்டி அப்படி ஆனாலும் எறக்கத்தான் சொல்லுவேன்."

அப்போது வாசலில் குப்பம்மா, தட்டில் தேங்காய், பழம், மஞ்சளோடு. "அடுத்த வருஷமும் சாமி என் வாசல்ல நிக்கணும். அதக் கேக்கத்தான் வந்தேன். இல்லனு மட்டும் சொல்லாதீங்க."

குருக்கள் சொன்னார்: "அவனே நின்ன எடம். நாம என்ன சொல்றது?"

தர்மகர்த்தா கிடங்கைக் கேட்டவரைப் பார்த்தார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "கூடம் அவங்களுக்கே இருக்கட்டும். ஆனா மயிலு நனையக் கூடாது. அதுவும் அங்கயே இருக்கட்டும். ஒரு மூலைய ஒழிச்சுக் குடுங்க," என்றார்.

முடி காணிக்கையைச் செலுத்திவிட்டு மொட்டைத் தலையோடு மயிலை எதிர்கொண்டு அழைத்தேன். கறுப்புக் கண்ணாடித் தலைவர் கண் சரியானதும் மயிலைப் பார்க்க வந்தார். "நீங்க எப்படிங்க அவ்ளோ நேரம் தூக்கறீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க எங்க தூக்கறோம் மாஸ்டர்? கீழ வராம பாத்துக்கறோம், அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

மயில் வந்து நின்றது இரும்புப் பக்கத்து மூலையில். சாமியின் வாகனத்துக்கு முன்னால் இரும்பைத் தொப்பென்று போட யாருக்கு மனசு வரும்? தூக்கினவன் மூச்சு விட்டு, எண்ணி எண்ணி, சத்தமில்லாமல் இறக்கினான். ஆறே மாதத்தில் எல்லாருக்கும் முதுகும் காலும் உரமேறிவிட்டன. தண்டால் பிள்ளைகளும் வாரத்தில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வந்தார்கள், மயிலைக் கும்பிடும் சாக்கில். எப்போதாவது யாராவது கை தவறி இரும்பு டங்கென்று விழும். விழுந்தால், போட்டவன் மட்டும் இல்லை, தண்டாலில் பாதியில் இருந்த முனுசாமி முதற்கொண்டு கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, மயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.